'கார்சினோமா' என்றால் என்ன?



தம்பிலுவில் கடற்கரையில் இருந்து உங்கள் மலைக்கு வந்திருக்கிறோம். அங்கே வீட்டு வாசலில் வெற்றிலைத் தட்டம். இங்கே கொழுந்து எடுக்கப் போகும்போது மடியில் வெற்றிலைப் பை. பழக்கம் ஒன்றுதான்.

எங்கட பெத்தா வலது கொடுப்புக்குள் வெற்றிலை, பாக்கு, புகையிலையை அடக்கி வைப்பா. அந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு படலம் வந்தது. நோவு இல்லை. "சுண்ணாம்பு சுட்டது" என்று விட்டுவிட்டா. பிறகு புண்ணானது. ஆஸ்பத்திரியில் சதைத் துண்டு எடுத்துச் சோதித்து, 'கார்சினோமா' என்று எழுதித் தந்தார்கள். படித்த பிள்ளைகள் என்று பேர் எடுத்த நாங்கள் எழுத்துக்கூட்டி வாசித்து, "கான்சர் எண்டு எழுதேல்லைத்தானே" என்று ஆறுதல்பட்டோம். கிளினிக்குக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் ஓடினோம். பெத்தா அந்த வருசமே போய்விட்டா.

கார்சினோமா என்றால் புற்றுநோய்தான். தோல், வாய், மார்பு, குடல் போன்றவற்றின் மேற்படையில் தொடங்கும் புற்றுக்கு அந்தப் பேர். பெரும்பாலான புற்றுகள் இந்த வகைதான். கிரேக்க மொழியில் நண்டைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. நண்டு பிடிக்கும் ஊரவர்களான எங்களுக்கு அதுவும் தெரியாமல் போச்சு! எலும்பிலும் தசையிலும் தொடங்கினால் சார்கோமா. இரத்தத்தில் வருவது லுக்கேமியா. அதில் பெரும்பாலும் கட்டி இருக்காது.

கட்டி எல்லாம் புற்றும் இல்லை. தோலுக்குக் கீழே மெதுவாக உருளும் கொழுப்புக் கட்டிக்கு லிப்போமா என்று பேர். அது இருந்த இடத்திலேயே இருக்கும். புற்று அப்படி இல்லை. பக்கத்துச் சதைக்குள் நுழையும், இரத்தத்தோடும் நிணநீரோடும் வேறு இடத்துக்கும் போகும். வாயில் தொடங்கிக் கழுத்துக்குப் போனாலும் அது வாய்ப்புற்றுதான், புதிய நோய் இல்லை. கட்டி எந்த வகை என்று கையால் தடவிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சதைத் துண்டு எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயமாகத் தெரியும். "துண்டு எடுத்தால் பரவும்" என்று லயத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்று. புகையிலை போடாவிட்டால் பயமில்லை என்பதும் பிழை. பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்திருக்கிறது.

வாயில் வெள்ளைப் படலமோ சிவப்புப் படலமோ, மூன்று கிழமைக்கும் ஆறாத புண்ணோ, வாய் முழுதாகத் திறக்க முடியாமையோ இருந்தால் நோவு வரும்வரை காத்திருக்காதீர்கள். எழுதித் தரும் துண்டைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பேச்சு முடிந்ததும் டோர்ச் லைட்டோடு வாசலில் நிற்போம். வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள்.