துரு தின்ற இடம்



மண்ணுலகில் சேர்த்து வைக்கும் செல்வத்தைப் பூச்சியும் துருவும் விட்டுவைக்காது என்று ஆண்டவர் எச்சரிப்பது மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில். துரு என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ப்ரோசிஸ்' என்ற சொல். அதன் நேர்ப்பொருள் தின்னுதல். நம் ஊர்ப் பேச்சுக்கு இது மிகவும் நெருக்கம். வீட்டு கேட்டைப் பார்த்து "அடிப்பக்கம் எல்லாம் துரு தின்னுடுச்சு" என்றுதானே சொல்லுகிறோம்?

நம் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் மகனை அழைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து முட்டுக்காட்டுக்குத் தூண்டில் போடப் போவார். பிறகு மகனுடைய திருமணம் பற்றி வீட்டில் பெரிய பேச்சு. மகன் வெளிநாடு போய்விட்டார். தூண்டில் ரீல், கடைசியாகப் போய்வந்த ஈரத்தோடு பரணில் ஏறியது. பதினொரு வருடம் யாரும் அதைத் தொடவில்லை. சென்ற கோடை விடுமுறைக்கு வந்த பேரன்தான் பரணிலிருந்து இறக்கினான். கைப்பிடி சுற்றவில்லை. உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி, பல்சக்கரத்தில் பச்சை, திருகுகளில் செந்துரு. "தாத்தா, இதைச் சரி பண்ணலாமா?" என்று கேட்டிருக்கிறான்.

பரண் உலர்ந்த இடம்தானே, அங்கே எப்படித் துரு வந்தது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உப்பு. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நம் சென்னையில் அதற்கு எத்தனையோ இரவுகள். ரீலின் உடம்பு அலுமினியம், பல்சக்கரம் பித்தளை, திருகு இரும்பு. வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அது ஒரு சிறிய பேட்டரி. அதில் முதலில் தின்னப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடி அதுதான்.

தாத்தாவும் பேரனும் முதலில் பழைய நைலான் நரம்பை வெட்டி எடுத்தார்கள். அதன் அடியில்தான் உப்பு அதிகம் தங்கும். பிறகு வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தார்கள். நல்ல தண்ணீர் என்று சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீலாங்கரையிலிருந்து கோவளம் வரை கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியது போலத்தான். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சி அடிப்பதும் ஆகாது, வெளியே இருக்கிற உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

திருகுகள் அசையவில்லை. பையன் அழுத்தித் திருகப் பார்த்தான். பெரியவர் தடுத்தார். தலை மழுங்கிவிட்டால் அப்புறம் எந்தத் திருப்புளிக்கும் அது பிடி கொடுக்காது. ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருந்தார்கள். பித்தளைச் சக்கரத்தின் பச்சையைக் குத்துவிளக்குத் தேய்ப்பது போலப் புளி போட்டு எடுத்தார்கள். அலுமினியத்தை அப்படிப் புளிப்பில் ஊறப்போடக் கூடாது. அது புளிப்புக்கும் கரையும். அதற்குப் பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு சக்கரத்துக்குக் கிரீஸ், பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய். ஒரு பேரிங் போயே போய்விட்டது. புதிதுதான் வாங்க வேண்டியிருந்தது.

துருவை எடுத்த பிறகு பார்த்தால் உலோகத்தில் சிறு சிறு குழிகள். துரு போய்விட்டது, தின்ற இடம் திரும்பவில்லை. பாம்பன் பாலத்தின் கதையும் அதுதானே? 1914இல் திறந்த பாலம். பெயிண்ட் அடித்து, பாகங்களை மாற்றி எத்தனை தலைமுறை அதைக் காப்பாற்றியது! ஆனாலும் கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதியை அரிப்பு தின்றுவிட, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள்.

கோவளத்து மீனவர்களிடம் கேட்டால் இன்னொரு வழி சொல்வார்கள். படகு எஞ்சினின் அடிப்பகுதியில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். எஞ்சினுக்குப் பதிலாகக் கடல் அதைத் தின்னும். கரைந்து போனால் வேறு கட்டி மாட்டுவார்கள். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில அறிஞர் கப்பலின் செம்புத் தகட்டைக் காக்க இந்த வழியைக் கண்டார். செம்பு கரையவில்லை. ஆனால் கரையாத செம்பில் கடல் சிப்பிகள் வந்து ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்துபோனதால் கடற்படை அதைக் கைவிட்டது. மற்றதற்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் உலோகம்! மறையுரை சொல்லுகிறவனுக்கு இதைவிட எளிதான உவமை கிடைக்காது. இன்று அதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர் வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை.

யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் பணக்காரரின் பொன்னிலும் வெள்ளியிலும் துரு ஏறியதைப் பேசுகிறார். அங்கே கிரேக்கச் சொல் வேறு, 'இயோஸ்'. அதற்கு நஞ்சு என்றும் பொருள். அதே சொல்லை 3ஆம் அதிகாரத்தில் நாவைப் பற்றிச் சொல்லும்போதும் எழுதுகிறார். பதினொரு வருடத்துக்கு முன் அந்த வீட்டுக் கூடத்தில் பேசிய பேச்சு இன்னும் அங்கேயே இருந்தது. தகப்பனும் மகனும் "சாப்டியா", "டிக்கெட் போட்டாச்சா" என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

மூன்றாம் நாள் பேரனுக்குச் சிறு திருகு ஒன்று கைக்கு அகப்படவில்லை. பக்கத்து அறையிலிருந்து அவன் அப்பா வந்து தரையில் உட்கார்ந்தார். "இந்தத் திருகு நீளம், அந்தப் பக்கம் போகணும்பா" என்றாராம். பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். அன்று மன்னிப்புக் கேட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. பெரியவரும் சொல்லவில்லை. திருமணத்தைப் பற்றிய பேச்சை இருவரும் எடுக்கவேயில்லை என்று மட்டும் சொன்னார். மருமகள் மூவருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார். "உக்காரும்மா" என்றாராம் பெரியவர்.

அந்த ஞாயிறு முட்டுக்காட்டுக்கு நான்கு பேரும் போனார்கள். ரீல் சுற்றும்போது கரகரவென்று சத்தம் போட்டது. குழி விழுந்த இடம் அப்படித்தான் பேசும். மீன் ஒன்றும் மாட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரன் யாரும் சொல்லாமலே ரீலின் பிடியை இறுக்கி, குடத்திலிருந்த நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியில் துடைத்துக் காற்றில் வைத்தான். பரணில் வைக்க வேண்டாம், கூடத்து அலமாரியிலேயே இருக்கட்டும் என்று அவன் அப்பா சொன்னாராம்.