அம்மாவின் வெள்ளி



கணக்காளன் ஒருவன் வானத்து வெள்ளியைப் பற்றிப் பேச வந்ததற்கு ஒரு படிவமே காரணம்.

1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது, அம்மாவின் சாதகக் குறிப்பு வீட்டோடு போய்விட்டது. பின்னர் ஓர் அலுவலகத்தில் பிறந்த திகதி கேட்டார்கள். அம்மா வருடத்தைச் சொல்லி, "மார்கழித் திருவாதிரை" என்றார். எழுதியவருக்கு அது விளங்கவில்லை. ஜனவரி 1 என்று போட்டுவிட்டார். இன்றுவரை எல்லாப் பத்திரங்களிலும் அதுதான். அந்த நாளில் நாங்கள் கேக் வெட்டினால், "இது ஆற்றை பிறந்தநாள்?" என்று அம்மா கேட்பார்.

போன வருடம் மகள் கேட்டாள்: "அப்பா, திருவாதிரை எண்டது உண்மையான வெள்ளியோ? அர்ச்சனைக்கு ஐயரிட்டைச் சொல்லுற பேர் எண்டெல்லோ நினைச்சன்."

திருவெம்பாவை முடிந்த மறுவாரம், அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கால்வாய்க் கரைக்குப் போனோம். இரவு எட்டு மணி. தென்கிழக்கே மூன்று வெள்ளிகள் ஒரே வரிசையில் நின்றன. அவற்றுக்கு இடப்பக்கம் சற்று மேலே, செந்நிறமாக ஒன்று. அதுதான் திருவாதிரை.

ஆங்கிலத்தில் அதைப் பீட்டல்ஜூஸ் என்பார்கள். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும். அவ்வளவு பெரிய செம்பெருவிண்மீன். 2019 இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் வழமையான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பார்த்தது. அது கக்கிய வாயு தூசாகி மறைத்ததே முக்கிய காரணம் என்று பின்னர் தெரிந்தது. மீண்டும் ஒளிர்ந்தது.

அரேபியர் இதற்கு 'யத் அல்-ஜவ்சா' என்று பெயரிட்டார்கள். யத் என்றால் கை. நம் பழைய நிகண்டுகளிலும் திருவாதிரைக்குச் 'செங்கை' என்றொரு பெயர் உண்டு. அரபு எழுத்தில் 'ய'வுக்குக் கீழே இரண்டு புள்ளி, 'ப'வுக்கு ஒன்று. எழுதியவர் யாரோ ஒரு புள்ளியைத் தவறவிட, 'யத்' என்பது 'பெத்' ஆகி, அதுவே இன்றைய ஆங்கிலப் பெயருக்கும் வழியானது. ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும் என்பது கணக்காளனுக்குத் தெரியும்!

அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊரிலை இது உச்சியிலையெல்லோ நிக்கும். இங்கை ஏன் இவ்வளவு பதிவா நிக்குது?"

அவர் சொன்னது சரி. யாழ்ப்பாணத்தில் திருவாதிரை ஏறக்குறைய நேர் உச்சியால் போகும். இங்கே எவ்வளவு ஏறினாலும் தெற்கே சரிந்தே நிற்கும். வெள்ளி இறங்கவில்லை. நாங்கள்தான் 35 பாகைக்கு மேல் வடக்கே வந்துவிட்டோம்.

அன்றிரவுதான் எனக்குப் பொறி தட்டியது. பிறந்த நட்சத்திரம் என்றால், அன்று சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நின்றது என்பது. சந்திரன் ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணிநேரமும் எடுக்கும். ஆகவே ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் பெரும்பாலும் ஒரு தரமே வரும். வருடம், மாதம், நட்சத்திரம் மூன்றும் தெரிந்தால் திகதியைப் பிடித்துவிடலாம். பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தோம். கிடைத்தது. அது ஜனவரி 1 அல்ல. வயது தெரிந்துவிடுமாம், வானொலியில் சொல்ல அம்மா விடவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஜனவரி முதலாந் திகதிக்காரர் இருக்கலாம். படிவங்களில் என் கண்ணில் பட்டவர்கள் பலர். அவர்களிடம் வருடத்தையும் மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டு, இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.