அழுகின்ற பிள்ளையின் கையில் ஒரு புத்தகம்

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் நாளில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டை முன்னிட்டுக் கோயிலுக்கு வெள்ளையடித்தோம்; கொடிமரத்தைப் புதுப்பித்தோம்; கெபிக்கு விளக்குப் போட்டோம். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இன்று நாம் பேச வந்தது கட்டடத்தைப் பற்றியன்று. பங்களாவின் முன்னறையில் நிற்கிறதே ஒரு புத்தக அலமாரி, அதைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, பத்தாம் வகுப்புப் படித்த பீடச் சிறுவன் ஒருவன் தந்தையை இழந்தான். அடக்கப் பூசையிலே நாம் நீண்ட மறையுரை ஆற்றினோம். எல்லாம் இறைவன் சித்தம் என்றோம். அவனைத் தனியே அழைத்து, "இனி நீதானப்பா வீட்டுக்கு ஆம்பிளை, நீ அழக்கூடாது" என்றும் புத்தி சொன்னோம். அதன்பின் மூன்று மாத காலம் அவன் பீடத்துப் பக்கமே வரவில்லை. பிறகு தாயின் வற்புறுத்தலால் ஒரு நாள் வந்தவன், நம்மோடு பேசாமல், அலமாரியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தான்.

அவன் படித்தது கி. ராஜநாராயணனின் 'கதவு' என்ற சிறுகதை. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். பிழைப்புத் தேடிப் போன தகப்பனிடமிருந்து தகவல் இல்லை. பிள்ளைகள் ஏறி விளையாடிய ஒரே பொருள் அந்தக் கதவுதான். வாசல் திறந்து கிடக்க, வாடைக் காற்றில் கைக்குழந்தையும் இறந்துபோகிறது. கடைசியில் பிள்ளைகள் தங்கள் கதவை ஓரிடத்தில் கண்டுகொண்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அதைப் படித்துவிட்டு அந்தப் பையன் வாய்விட்டு அழுதான். நாம் அடைத்துவைத்த அழுகையை அந்தக் கதை திறந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை உதவிக்கு வந்தான்.

அன்று நமக்கு ஒரு வெட்கம் ஏற்பட்டது. லாசரின் கல்லறையருகே ஆண்டவரே கண்ணீர் விட்டார் என்று யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்ப்பிக்கப் போகிறவரே அழுதார். அப்படியிருக்க, ஒரு பிள்ளையை அழாதே என்று சொல்ல நாம் யார்?

அன்பானவர்களே, அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் இழப்பு என்பது புதிதல்ல. கண்மாய் வறண்டால் கருவேலங்காட்டுக் கரிமூட்டம். தறி நின்றால் திருப்பூர் பஸ். திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி 1892-இல் தந்தையை இழந்தபோது அவருக்கு வயது 12. குடும்பம் பிரிந்து, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். நம் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒரு பையன் பின்னர் சிறு கடை நடத்திக்கொண்டே கதை எழுதினார். 2007-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். அவர்தாம் மேலாண்மை பொன்னுச்சாமி. துயரம் எழுத்தாகும்போது அடுத்த பிள்ளைக்கு அது ஊன்றுகோலாகிறது.

ஆகவே நம் இளைஞருக்கு மூன்று நூல்களைச் சிபாரிசு செய்கிறோம்.

முதலாவது, பூமணியின் 'வெக்கை' (1982). இதைத் தழுவி 2019-இல் 'அசுரன்' திரைப்படம் வந்தது. நூல் வேறு அனுபவம். நிலத்தகராறில் அண்ணனைப் பறிகொடுத்த பதினைந்து வயதுச் சிறுவன் பழிவாங்கிவிட்டு, தகப்பனோடு காட்டில் மறைந்து திரிகிறான். கொலையைக் கொண்டாட இதைச் சொல்லவில்லை; கொலை செய்யாதே என்ற கட்டளை கட்டளைதான். ஆனால் அந்தத் தகப்பன் மகனை ஒரு சொல்லால்கூடச் சபிக்காமல், பசியாற்றி, காவல் காத்து உடன் நடக்கிறானே, அதைத் தகப்பன்மார் படிக்கவேண்டும்.

இரண்டாவது, ஆன் பிராங்க்கின் நாட்குறிப்பு. ஹிட்லரின் படைக்கு அஞ்சி ஈராண்டுக்கும் மேலாக ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி எழுதியது. 1945-இல், 15 வயதில், முகாமிலே மடிந்தாள். குடும்பத்தில் தப்பிப் பிழைத்த தகப்பன் 1947-இல் அதை வெளியிட்டார். தமிழிலும் கிடைக்கிறது.

மூன்றாவதைச் சொல்லுமுன் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியிருக்கிறது. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தபோது நாம் குருமட மாணவர். திருச்சபையை அவதூறு செய்யும் நூல் என்று கேள்விப்பட்டு, படியாமலே நாமும் அப்படியே பேசினோம். பல்லாண்டு கழித்தே படித்தோம். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில், நம் மறையிலேயே பிறந்த ஒரு தலித் சிறுமியின் கதை அது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டு முதலாளியிடம் கொண்டுபோவதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்னபின் சிரிப்பு நின்றுபோகிறது. கோயிலும் கன்னியர் மடமும் சாதிக்கு விலக்காய் இருக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அது அவதூறன்று, நம் வீட்டுப் பிள்ளையின் முறையீடு. ஜூபிலி என்பது விவிலியத்தில் விடுதலையின் ஆண்டு. நம் கல்லறைத் தோட்டத்திலும் திருவிழாத் தேரிலும் சாதிக்கு இன்னும் இடமுண்டா என்று இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு நம்மை நாமே கேட்போமாக.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளையை, "பாடத்தைப் படி" என்று அதட்டாதீர்கள். அதேவேளை 'வெக்கை' போன்றவற்றைச் சிறுவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடவும் வேண்டாம். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டும், நீங்களும் படித்து அவர்களோடு பேசுங்கள். புத்தகம் மட்டும் போதாத துக்கமும் உண்டு. சாப்பிடாமல், உறங்காமல் ஒடுங்கிப்போகும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவாகாது.

வரும் ஞாயிறு முதல் இரண்டாம் பூசைக்குப் பின் அலமாரி திறந்திருக்கும். சாவி இனி நம்மிடம் இராது. இளைஞர் மன்றத்திடம் இருக்கும். ஜூபிலிக் காணிக்கையாகக் குடும்பத்துக்கொரு புத்தகம் தாருங்கள். பழையதானாலும் சரியே. துக்க வீட்டுக்குப் போகும்போது என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு ஒரு நாள், ஒரு நல்ல புத்தகத்தோடு மறுபடியும் போங்கள்.

அழுகிறவர்களோடு அழுத ஆண்டவர் நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.