படி ஏறிக் காட்டியதற்குக் கூலி

(விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைத் தொழிலாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் பொம்மைக்கு மண் ஊத்துறவன். பிளாஸ்டர் அச்சில் மண் குழம்பை ஊத்தணும். அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும், ஓரத்தில் மண் கெட்டிப்படும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துட்டு, பொம்மையை எடுத்துக் காயவச்சு, ஓரப் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைச்சாத்தான் சூளைக்குப் போகும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. உட்கார்ந்து செய்யிற வேலை என்பதால் போலியோ கால்காரனான எனக்குத் தோதாக இருக்கு. ஒருநாள் போகலைன்னா ஒருநாள் சோறு போச்சு.

சில வருசத்துக்கு முன்னே நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் எப்படிப் பயன்படுத்துறாங்க என்று ஆய்வாம். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்னை நடக்க வச்சாங்க. "இந்தப் படியில் ஏறுங்க, இறங்குங்க, இன்னொருவாட்டி ஏறுங்க, போட்டோ சரியா விழலை." ஒரு ஆபீசில் சாய்தளம் இருந்தது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கணும் என்பது கணக்கு. அதுவோ வாய்க்கால் கரை மாதிரி செங்குத்து. ஏறினேன், விழுந்தேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. காலிப்பர் பட்டை உராய்ந்து முழங்காலில் தோல் உரிஞ்சு போச்சு. கடைசியில் ஒரு டீ, ஒரு பொன்னாடை.

"சார், என் கூலி?" என்றேன்.

அவர் முகம் மாறிப்போச்சு. "இதெல்லாம் உங்க மக்களுக்காகத்தானே?" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் புதுசில்லை. எங்க தாத்தாவை ஊர்க்காரங்க சாவுக்குப் பறையடிக்கவும், செத்த மாட்டை இழுக்கவும் கூப்பிட்டப்போ இதையேதான் சொன்னாங்க. "ஊருக்காகத்தானேடா." அதுக்குப் பேரு வெட்டி. அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தில் 23-ஆவது பிரிவு அதைத் தடை செய்யுது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்த தொழிலாளர் வழக்கில், 1982-இல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆய்வுக்கு வருவதும் அதுவும் ஒன்றா என்று வக்கீல்கள் சண்டை போடட்டும். நான் உரிஞ்ச முழங்காலை வைத்துப் பேசுகிறேன்.

காசு கொடுத்தா கொடுத்தவங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லிடுவாங்க என்கிறார்கள். அந்தச் சாய்தளத்துக்கு 'சரி' என்று கையெழுத்துப் போட்ட இஞ்சினியர் சம்பளம் வாங்காமலா போட்டார்?

மருத்துவ ஆராய்ச்சிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், பங்கெடுப்பவருக்குப் பயணச் செலவு தரலாம். செலவான நேரத்துக்கும், பட்ட சிரமத்துக்கும், இழந்த கூலிக்கும் பணம் தரலாம் என்றே இருக்கு. ஆசைகாட்டி இழுக்கிற அளவுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். ரத்தம் கொடுக்கிறவனுக்குப் பொருந்துறது படி ஏறிக் காட்டுறவனுக்குப் பொருந்தாதா?

நம்ம வாய்ச்சொல்லுக்கு விலை இருக்கு. ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் 2005-இல் போட்ட வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பு வந்தது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கணும். 2017 விதிகளில் 15-ஆவது விதி 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரண் என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு ஆதாரமாக இருந்தது ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஊனமுற்றோர் ஆய்வு மையம் கொடுத்த அறிக்கை. மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாயால் சொன்ன அனுபவம் அதில் இருக்கு.

பிறகு வேறொரு குழுவோடும் வேலை செய்தேன். அவங்க முதலிலேயே தொகையைச் சொன்னாங்க, ஆட்டோவுக்குத் தனியாக. நடுவில் நிறுத்தினாலும் காசு உண்டு என்று தமிழில் எழுதிக் கொடுத்தாங்க. கழிப்பறைப் படம் ஒன்றை விரிச்சாங்க. பார்த்த உடனே சொன்னேன்: "கதவு உள்ளே திறக்குது. காலிப்பரோட உள்ளே போனா நான் எங்கே நின்னு சாத்துறது?" படத்தை மாத்தினாங்க. படிச்ச நாலு பேருக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருந்தது. அன்னைக்குத்தான் என் கால் எனக்கே ஒரு படிப்பு மாதிரி தெரிஞ்சது.

அவங்ககிட்டயும் ஒரு குறை. எங்க காலனிக்கு வரலை. எங்க தெருவில் கண்ணு தெரியாத அக்கா ஒருத்தங்க இருக்காங்க. தெருவை விட்டு மெயின் ரோட்டுக்கு வரணும்னா சாக்கடைமேலே போட்ட ஒத்தைக் கல்லைத் தாண்டணும். அந்தக் கல் எந்தப் படிவத்திலும் இல்லை. ரோட்டுக்கு வர முடிஞ்சவங்களை மட்டும் கூப்பிட்டு 'எங்கே தடை இருக்கு' என்று கேட்டா என்ன பதில் வரும்?

அந்த அக்காவுக்குப் பயமும் இருக்கு. பேங்கில் காசு விழுந்தா மாசாமாசம் வர்ற உதவித்தொகை நின்னுடுமோ என்று. நியாயமான பயம். கேட்கிறவங்க அதை விசாரிச்சு எழுத்தில் தரணும். நாமளா ஆபீஸ் ஆபீஸா அலையறது?

போன வாரம் ஒரு போன். ரெண்டு நாள் ஆய்வாம், எவ்வளவு கேட்கிறீங்க என்றாங்க. ரெண்டு நாள் கூலி, ஆட்டோ, அந்த அக்காவுக்கும் அதே தொகை, முதல் நாள் எங்க தெருவில் என்றேன். யோசிச்சுச் சொல்றோம் என்று வச்சுட்டாங்க. இன்னும் கூப்பிடலை.