பல படிகளும் ஓர் உண்மையும்



ஆந்திரமேடா விண்மீன் மண்டலம் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவினது, எண்ணற்றோர் படமெடுத்தது. எனினும் 2022-இல் பிரான்சு நாட்டு ஆர்வலர் யான் செந்தி, 106 மி.மீ. தொலைநோக்கியால் நூறு மணி நேரத்திற்கு மேல் ஒளி சேர்த்தபோது, அதனருகே எவரும் அறியாத ஆக்சிசன் ஒளிவில் ஒன்று புலப்பட்டது.

இம்முறை நம் சுவடிப் பதிப்பாசிரியர்க்குப் புதிதன்று. ஒரு படியின் பிழை பெரும்பாலும் மறுபடியில் இராது. ஒப்பிட்டால் மூலம் துலங்கும். அவ்வாறே பல படங்களை அடுக்கிச் சராசரி கண்டால் நிலைத்த ஒளி மிஞ்சும்; தற்செயல் இரைச்சல் தேயும்.

ஆனால், எல்லாப் படிகளிலும் ஏறிய பிழை ஒப்பிட்டாலும் நீங்காது. ஒரே கருவியின் குறையும் அத்தகையதே. ஆதலால் அவரும் நண்பர்களும் பிறர் கருவிகளாலும் உறுதிசெய்த பின்னரே 2023-இல் அறிவித்தனர்.

கவிஞர்களே, நம் கவிதையை நாமே பன்முறை படித்தல் போதாது. பிறர் கண்ணும் வேண்டும். அதற்கன்றோ இவ்வட்டம்!