நடந்து கண்ட நகரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என் ஐரோப்பியப் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். சென்ற ஆண்டு ரோமாபுரிக்குச் சென்று வந்தது உண்மை. கையில் வரைபடம் ஏந்தி, டைபர் ஆற்றின் அக்கரையிலுள்ள பழைய சந்துகளைக்கூட விடாமல் நடந்தேன். ஊர் திரும்பிய மறுநாள் என் பெயர்த்தி ஒரு வினா எழுப்பினாள். "தாத்தா, நம் அல்சூருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?"

நாற்பது ஆண்டுகள் இந்நகரின் சோற்றை உண்டவன் நான். எனினும் எனக்கு விடை தெரியவில்லை. வெட்கினேன். அன்றுமுதல் ஞாயிறுதோறும் அவளை அழைத்துக்கொண்டு பெங்களூரை நடந்தே பார்க்கலானேன். ஆகவே ரோமாபுரி ஒருபுறம் இருக்கட்டும். நாம் வாழும் ஊரைப் பற்றியே சில சொல்கிறேன்.

முதலில் பேட்டைக்குச் சென்றோம். 1537-ஆம் ஆண்டில் கெம்பேகௌடர் மண்கோட்டை எழுப்பி அமைத்த வணிக நகரம் அது. அங்கே தெருவின் பெயரே தொழிலின் பெயர். அரிசி விற்ற இடம் அக்கிப்பேட்டை. பருத்தி விற்ற இடம் அரளேபேட்டை. வளையல் விற்ற இடம் பளேபேட்டை. "நம் வளைதான் கன்னடத்தில் பளெ ஆயிற்று" என்றேன். குழந்தை வியந்தாள்.

அப்பேட்டையில்தான் தர்மராயர் கோயில் உள்ளது. சைத்திரப் பௌர்ணமி இரவில் அங்கிருந்து கரகம் புறப்படும். அதனைச் சுமப்பவர் திகளர் குலத்தவர். தோட்டக்கலையில் வல்ல அம்மக்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பர். திரௌபதியின் கரகம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று, பிறகே மேலே செல்கிறது. ஒரே இரவில் எத்தனை மரபுகள் கை கோத்து நடக்கின்றன, பாருங்கள்!

அடுத்த ஞாயிறு கப்பன் பூங்காவைக் கடந்து தண்டுப் பகுதிக்குச் சென்றோம். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே படைவீடு அமைத்தனர். சென்னைப் படையோடு தமிழர் பலர் வந்தனர். சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் கொத்தர்களாகவும் ஏவலர்களாகவும் வந்தனர். 1881-இல் மைசூர் மன்னரிடம் நாடு திரும்பியபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. பூங்காவுக்கு இப்புறம் ஓர் ஆட்சி, அப்புறம் வேறோர் ஆட்சி! 1949-இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின.

அல்சூருக்கு வந்தோம். கன்னடத்தார் அதனை ஹலசூரு என்பர். ஹலசு என்றால் பலா. பலாத்தோப்பு இருந்ததால் அப்பெயர் வந்தது என்பர். பழங்கன்னடத்துப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பால் அங்கே ஹாலு. பள்ளி அங்கே ஹள்ளி. பெயர்த்தியின் வினாவுக்கு ஒருவாறு விடை கிடைத்தது.

ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைக் கண்டோம். 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் அது திறக்கப்படாமல் மூடியே இருந்தது என்றேன். "ஏன் தாத்தா?" என்றாள். சற்றே தயங்கினேன், பிறகு மறைக்காமல் சொன்னேன். அண்டை வீட்டாருக்குள் பிணக்கு மூண்ட காலமும் உண்டு. அது தணிந்த காலமும் உண்டு. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் இச்சிலை திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது.

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளைக் கண்டோம். மல்லேசுவரத்தில் காடு மல்லேசுவரர் கோயிலுக்குச் சென்றோம். பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜியின் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அக்கோயிலுக்கு உரியது. தஞ்சைக்கும் இவ்வூருக்கும் இப்படியும் ஓர் உறவு!

அன்பர்களே! நம் குடியிருப்பு, நம் அலுவலகம், விடுமுறைக்கு நம் சொந்த ஊர்: இம்மூன்றுக்கும் இடையிலேயே நம்மிற் பலர் காலத்தைக் கழித்துவிடுகிறோம். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் விருந்தினராகவே இருந்துவிடுகிறோம். "நீ எந்த ஊர்?" என்று பள்ளித் தோழி கேட்டபோது என் பெயர்த்தி விடை சொல்லத் தெரியாமல் திகைத்தாளாம். அவள் கண்டறியாத வேலூர்ச் சிற்றூரைச் சொல்வதா? பிறந்த பெங்களூரைச் சொல்வதா?

இப்போது அவளுக்குத் திகைப்பு இல்லை. "பெங்களூர், வீட்டில் தமிழ் பேசுவோம்" என்கிறாள். அதையும் கன்னடத்திலேயே சொல்கிறாள். தாய்மொழியை மறவாமலும் வாழும் மண்ணின் மொழியை ஒதுக்காமலும் இருப்பதே நமக்கு அழகு.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். திங்களுக்கு ஒரு ஞாயிறு, நம் பிள்ளைகளை ஒரு பேட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். கன்னட நண்பர் ஒருவரையும் உடன் அழையுங்கள். நடந்தவர்க்கே ஊர் சொந்தமாகும்.