வாராக்கடன் வராமல் இருக்க

நான் பத்தாவதுதான் படித்தவள். எங்கள் குழுவில் நோட்டு எழுதுவதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் நம் மாநில மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. நம்மில் பல பேருக்கு அடமானம் வைக்க நகை இல்லை, பட்டாவும் நம்ம பேரில் இல்லை. அப்புறம் எதை நம்பி வங்கி கடன் கொடுக்குது? நம்ம கண்ணை நம்பித்தான். ஒருத்தி என்ன செலவு செய்கிறாள், எப்போது கஷ்டப்படுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாமல் போகுமா? அதனால்தான் ஆறு மாதம் நம்மைக் கூட்டம் போடவிட்டு, சேமிக்கவிட்டு, நோட்டைப் பார்த்துத் தரம் பிரித்த பிறகு கடன் தருகிறார்கள்.

தீர்மானம் எழுதாமல் பணம் எடுக்கக் கூடாது, ஒருத்தர் கையெழுத்தில் எடுக்க முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் வெறும் சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் இரண்டு கையெழுத்தும் ஒரு கையெழுத்துதானே? எங்கள் குழுவில் கூட்டத்துக்குக் கூட்டம் பாஸ்புக்கைச் சத்தமாக வாசிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா ஒருவர்தான், "போன மாசம் மீதி இவ்வளவுன்னு சொன்னியே, வட்டி இன்னும் ஏறலையா?" என்று கேட்பார். அவர் கேட்பார் என்பதற்காகவே நான் கூட்டலை இரண்டு தடவை சரிபார்க்கிறேன்.

வங்கிக்கு நஷ்டம் வராமல் இருக்க வைத்த அதே கூட்டுப் பொறுப்பு, சில சமயம் நம்ம கழுத்தையே நெரிக்கும். பக்கத்து ஆந்திராவில் ஒரே வீட்டுக்கு நாலு கம்பெனி கடன் கொடுத்து, வாரா வாரம் வாசலில் வந்து நின்றதில் பெண்கள் பட்ட பாடு பெரிது. 2010 அக்டோபரில் அங்கே அவசரச் சட்டம் போட்டு, வசூலை வீட்டு வாசலில் வைக்கக் கூடாது, பொது இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் கடன் கட்டாதவள் வீட்டு முன்னால் நாமே பத்துப் பேர் போய் நின்றால் அந்தச் சட்டம் என்ன செய்யும், சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நஷ்டம் வரக் கூடாது என்று பயந்து ஏழையையே ஒதுக்கி வைக்கிற பழக்கம். எங்கள் குழுவில் இட்லிக் கடை போட 57 வயது அக்கா ஒருவர் 20,000 ரூபாய் கேட்டார். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். "அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு கட்டுறது?" என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 50 வயது வரைதான் புதிதாகச் சேர முடியும். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு 70 வயது வரை உண்டு, ஆனால் அது விபத்துக்கு மட்டும்தான்.

"அப்படின்னா குழுவில் அவங்க சேமிப்பு மட்டும் வேணும், கடன் மட்டும் கிடையாதா?" என்று நான் கேட்டேன். இரண்டு கூட்டம் பேச்சு ஓடியது. கடைசியில், முதலில் 8,000, தவணை பத்து மாதம், அடுப்பும் பாத்திரமும் குழுவில் இரண்டு பேர் கூடப் போய் வாங்கித் தருவது, அது முடிந்ததும் மீதி என்று தீர்மானம் எழுதினோம். இப்போது ஏழாவது தவணை கட்டியிருக்கிறார். ஆடி மழையில் ஒரு மாதம் வியாபாரம் இல்லை. முன்னாடியே வந்து சொன்னதால் அந்தத் தவணையைத் தள்ளி வைத்தோம்.

50 வயதுக்குள் இருக்கிற நீங்கள் ஜீவன் ஜோதியில் சேர்ந்துவிடுங்கள். வருஷத்துக்கு 436 ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பணம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பிடிப்பார்கள், கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.